அரப்பு மிஷின்ல அரைச்ச மருதம்பட்டை

ஏறித் தொலையேன், கருமம் புடிச்சதே. இந்நேரத்துக்கு ஏழு மாசப் புள்ளத்தாச்சி பழனி மலை ஏறி, சாமி கும்புட்டு, பஞ்சாமிர்த டப்பாவும் வாங்கிட்டுக் கீழ எறங்கியிருப்பா. நீ இன்னும் ரெண்டு வெரக்கட தாண்டல. கண்ணாடி ஜாடிக்குள்ள வெள்ளப் பிளேட்டு ஒண்ணு சாஞ்சு நிக்குது, உள்ளங்கை அகலம், அதோட பாதம் மட்டும் நனையற மாதிரி மருந்துத் தண்ணி. அந்தத் தண்ணி தானா ஊறி மேல ஏறோணும், வெளக்குத்திரி எண்ணெய் குடிக்கற மாதிரி. ஏறறப்ப கீழ பென்சில் கோட்டு மேல நான் வெச்சிருக்கற மூணு புள்ளியையும் கூட இழுத்துட்டுப் போவோணும். எந்தச் சாமான் எந்த ஒசரத்துல போயி நிக்குதுன்னு பாத்து, இந்த மூலிகைக்குள்ள இன்னின்னது இருக்குதுன்னு படிச்சவங்க சொல்லிருவாங்க. நான் படிக்கல. ஆறாவது பாதியில நின்னவ. பாட்டில் கழுவறதுக்குன்னு இந்த மருந்துக் காலேஜு லேபுக்குள்ள வந்து பதினோரு வருசமாச்சு, சம்பூர்ணம்னு அட்டெண்டர் நோட்டுல பேரு. பதினோரு வருசம் சமையக்கட்டுல நின்னா பூனைக்குக் கூட ரசம் வெக்கத் தெரியும், எனக்குப் புள்ளி வெக்கத் தெரியாதா? வெச்சேன். ஊசிக் குழாய்ல தொட்டு, ஊதி ஊதிக் காய வெச்சு, மூணும் கோலப்புள்ளி மாதிரி நேரா. இப்ப மணி ரெண்டே கால். ஆராய்ச்சிப் படிப்புப் படிக்கற மோகனா புள்ளையும் அதோட வாத்தியார் குழந்தைவேலு சாரும் மேல மாடியில பேச்சு ஒத்திகை பாக்கறாங்க. மூணு மணிக்கு ஆராய்ச்சியச் சுருக்கி எழுதுன தாளை ஹைதராபாத் மீட்டிங்குக்கு அனுப்பிருவாங்க. நெஞ்சுக்கு நல்லதுன்னு நூறு தலமொறையா குடிக்கற மருதம்பட்டைக்குள்ள இதுவரைக்கும் யாரும் பாக்காத ஒண்ணக் கண்டுபுடிச்சிட்டோம்னு. மூணு மணிக்குள்ள நீ ஏறி நிக்கோணும் சாமி. ஏறி, அந்தப் புள்ளையோட புள்ளியும் தலைக்குத் தேய்க்கற அரப்போட புள்ளியும் ஒண்ணில்ல, வேற வேறன்னு காட்டிரு. உனக்குச் சக்கரப் பொங்கல் வெக்கறேன். இல்ல, சொல்லக் கூடாது, வேண்டுனா எல்லா சாமிக்கும் கேலியாப் போயிருது. ஜாடிய ஆட்டக் கூடாது. மூடியத் தொறக்கக் கூடாது. ஆட்டுனா கோடு கோணலா ஏறும்னு பசங்கள நானே அதட்டுவேன். என்ற கை இப்ப மேஜைய விட்டு நாலடி தள்ளி, முந்தானைக்குள்ள இருக்குது, திருடிட்டு நிக்கற கை மாதிரி. அமோனியா வாசம் மூடிய மீறி வருது. கண்ணு எரியுது. எரியறது அமோனியாவாலதான்னு வெச்சுக்குவோம்.

அரப்புன்னு ஆரம்பிச்சது செவ்வாக்கெழம காத்தாலைல. எங்கூட்டுக்காரருக்கு நெஞ்சு கொஞ்சம் பலமில்ல, ரெண்டு மாடி ஏறுனா மூச்சு வாங்கும், டாக்டர் மாத்திரையோட மருதம்பட்டைக் கசாயமும் குடிக்கட்டும்னாரு. கடைப் பொடி தீந்து போச்சு. பரண்ல ஒரு டப்பா இருந்துச்சு, தீவாளிக்கு முந்தி மோகனா புள்ளையோட பட்டைய அரைச்சப்ப ரெண்டு கை எடுத்து வெச்சது. எடுத்து வெச்சதுன்னா எடுத்து வெச்சதுதான், அதுக்கு வேற பேரு வெக்காதீங்க. கொதிக்க வெச்சேன். சொம்புல ஊத்தி ஆத்துனேன். ஆத்தறப்பவே நொரை. காப்பிக்கு வர்ற நொரையில்ல, போகாத நொரை. அவரு திண்டு மாதிரி உக்காந்துட்டு ஒரு மொடக்குக் குடிச்சாரு, மூஞ்சியச் சுளிச்சாரு, மீசைல நொரையோட என்னையப் பாத்துச் சொன்னாரு, "ஏ புள்ள, நீ கசாயம் குடுக்கறியா, என்னைய உள்ளார குளிப்பாட்டறியா?" நான் சிரிச்சேன். "வெளிய குளிப்பாட்டி என்ன வெளுத்தீங்க, உள்ளாரயாச்சும் வெளுக்கட்டும்"னேன். அஞ்சு நிமிசத்துல மனுசன் வாசல்ல குனிஞ்சு ஓங்கரிக்கறாரு. வாந்தி. கண்ணெல்லாம் செவந்து போச்சு. தலையப் புடிச்சுட்டு நிக்கறேன், புடிச்சுட்டு நிக்கறப்பத்தான் அந்த வாசம். தலைக்கு எண்ணெய் வெச்சு அரப்புத் தேய்க்கறப்ப கண்ணுக்குள்ள போனா வருமே, ஒரு பச்ச வாசம், துவர்ப்பா, ஈர எலை மாதிரி. என்ற கண்ணுக்கு முன்னாடி கசாயம் போயிருச்சு. அரவை மில்லு வந்து நின்னுச்சு. அப்ப எங்கிட்ட சிரிப்பு நின்னது, இந்நேரம் வரைக்கும் திரும்பி வரல. வர்ற மாதிரி நடிக்குது. நேத்துக் கூட வாட்ச்மேன், "என்னக்கா, இன்னிக்கு லொள்ளு ஒண்ணையும் காணோம்?"ங்கறான். "லொள்ளு லீவுல போயிருக்குது தம்பி"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

பாதி கூட வரல. சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடுது. இந்த லேபுல எது ஓடோணுமோ அது ஓடாது. அரைக்கற மிஷின் ஓடியிருந்தா இந்தக் கதையே இல்ல. ஆனி மாசத்துல மோட்டார் கருகுனது, ஆளு வர்றான் வர்றான்னாங்க, அவன் இன்னும் வந்துட்டே இருக்கறான். மோகனா புள்ள பட்டையக் கொண்டாந்து வெச்சது. பவானிப் பக்கம் ஆத்தங்கரையில உரிச்சது, செடிகொடி பாக்கற ஆபீசுல காட்டி இது நீர்மருதுதான்னு சீட்டு வாங்கினது, நெழல்ல பதினெட்டு நாள் ஒலத்துனது. சாமான்ய ஒலத்தலா அது, பொறந்த கொழந்தையத் திருப்பிப் போடற மாதிரி காலைலயும் சாயங்காலமும் திருப்பிப் போடும். "சம்பூர்ணக்கா, மிஷின் இல்ல. உரல்ல இடிச்சுக் குடுத்தர்றீங்களா? கொஞ்சம் கொஞ்சமா போதும், அவசரமில்ல"ன்னுச்சு. மருதம்பட்டைய இடிச்சுப் பாத்திருக்கறீங்களா யாராச்சும்? அது பட்டையில்ல, செருப்பு. இரும்பு உலக்கைய எடுத்துப் போட்டா டங்குன்னு திருப்பி அடிக்குது. ஒரு நாள் இடிச்சேன், ஒரு கைப்புடி வந்துச்சு. ரெண்டாவது நாள் சோத்தாங்கைத் தோள்பட்டையத் தூக்க முடியல, பல்லுத் தேய்க்கறதுக்கே பீச்சாங்கையத்தான் கூப்புட்டேன். அரைக் கிலோ பட்டை இன்னும் கெடக்குது. அப்பத்தான் இந்த அறிவு கெட்ட மண்டைல வெளிச்சம் வந்துச்சு. ஊருக்கெல்லாம் அரைக்கறானே அப்பாசாமி, நமக்கு அரைக்க மாட்டானா?

தீவாளிக்கு மூணு நாள். மில்லுக்குள்ள கால் வெக்க எடமில்ல. ஒரு பக்கம் அதிரசத்துக்கு அரிசி, ஒரு பக்கம் மொளகா, எல்லாரும் தும்மிட்டே பழமை பேசிட்டு நிக்கறாங்க. நான் பைய அவுத்துக் காட்டுனேன். அப்பாசாமி எட்டிப் பாத்துட்டு, "என்ன தாயி இது, கதவ ஒடச்சுக் கொண்டாந்துட்டயா?"ங்கறான். "உன்ற மில்லுக் கதவுதான், பாத்துக்க"ன்னேன். நல்லாத்தான் பேசுனேன். வாய்க்கு என்ன கொறச்சல், வாயாலயே கெட்டவ நான். "பட்டை தழையெல்லாம் திங்கற மிஷின்ல போட மாட்டேன், ஊரே நோம்பிக்குப் பலகாரம் சுடறாங்க, நாளைக்கு அதிரசம் தொவர்க்குதுன்னு என்னையத்தான் வையுவாங்க. அந்தக் கடைசி மிஷினுக்குப் போ"ன்னான். கடைசி மிஷின் அரப்பு மிஷின். தீவாளி எண்ணெய்க் குளியலுக்கு ஊரே அரப்பும் சீயக்காயும் அரைக்க அங்கதான் நிக்குது. எனக்கு முன்னாடி எட்டுப் பேரு. எனக்கு முந்துன ஆளு ஒரு சாக்கு அரப்பு எலை கொண்டாந்திருந்தாரு, யாவாரத்துக்கு. மிஷின், செவுரு, அவரு புருவம், எல்லாம் பச்சை. நல்லவளா இருந்தா என்ன பண்ணியிருக்கோணும்? நம்ம சாமானப் போடறதுக்கு முன்னாடி ஒரு கை அரிசியப் போட்டு மிஷினக் கழுவோணும். வீட்டு மொளகாய்க்கு அப்படித்தானே பண்றோம், முன்னாடி போனவளோட மல்லி நம்ம மொளகாய்ல சேந்துரும்னு சண்டை புடிக்கறோமில்ல? அடுத்தவ ஊட்டுப் பொடிக்கு அந்த ஞாபகம் வரல. அப்புறம் அந்த அப்பாசாமி, மவராசன், எனக்கு உபகாரம் பண்ணுனான் பாருங்க. மிஷின் வாயில கட்டியிருப்பாங்களே, நீளமா ஒரு துணிக்குழாய், அதுல எந்நேரமும் மாவு ஒட்டிட்டே இருக்கும். ஒரு குச்சிய எடுத்து அதைப் படார் படார்னு அடிச்சான். "அரைக் கிலோதான கொண்டாந்தே, கொறஞ்சு போச்சுன்னு நாளைக்கு வந்து நிக்காதே. ஒரு தூசி விடாம உனக்கே சேத்தறேன் தாயி." எல்லாத்தையும் எனக்கே சேத்துனான். எட்டுப் பேரோட தீவாளியையும் எனக்கே சேத்துனான். பொடி கொஞ்சம் பச்சையடிச்ச மாதிரிதான் இருந்துச்சு. மில்லு வெளிச்சத்துக்கு அப்படித் தெரியுதுன்னு நெனச்சேன். நெனச்சனா? நெனச்சேன்னு இப்பச் சொல்றேன். அன்னைக்கு ஒண்ணும் நெனக்கல, தோளு வலிக்கலைன்னு மட்டும்தான் நெனச்சேன்.

பாதி வந்துருச்சு. ஈரக் கோடு பாதியில நிக்குது. நிக்குதா, நகருதா? கண்ண எடுத்தா நகருது, பாத்தா நிக்குது, என்ற மாமியா மாதிரி. அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு வார்த்தையில முடிஞ்சிருக்கும். அந்தப் புள்ள பொடிய வெரல்ல எடுத்துத் தேச்சுப் பாத்துட்டு, "அக்கா, இவ்வளவு நைசாவா! கையாலயா இடிச்சீங்க?"ன்னு கண்ண விரிச்சுது. அந்தக் கேள்வியில ரெண்டு கதவு இருந்துச்சு. நான் தப்புக் கதவுல போனேன். "பின்ன காலாலயா?"ன்னேன். அது ஒரு பதிலா? அது பொய்யான்னு கோர்ட்டுல கேட்டா இல்லைன்னு சொல்லலாம். கேள்விய எறக்கி விட்டுட்டு ஓடற ஆட்டோ அது. அந்தப் புள்ள சிரிச்சுது, நானும் சிரிச்சேன், அவ்வளவுதான், பொய்யு காய்ஞ்சு செவுரா ஆயிருச்சு. மறுநாள் வலிக்குப் போடற தைலம் ஒரு பாட்டில் வாங்கிட்டு வந்து குடுக்குது. "என்னால உங்களுக்குத் தோள் போச்சுக்கா." நான் அதையும் வாங்கிட்டேன். தேச்சேன். நல்லாக் கேட்டுச்சு வேற. பட்டத்துக்கு எழுதற புத்தகத்துல மொதல்ல நன்றின்னு ஒரு பக்கம் வருமாம், அதுல சாருக்குக் கீழ என்ற பேரப் போட்டிருக்குது. தட்டச்சு பண்ணுனதக் கொண்டாந்து வாசிச்சுக் காட்டுச்சு. தன் கையால இடிச்சுத் தந்தாங்கன்னு எழுதியிருக்குது. தன் கையால. சொல்லுங்க, அந்த எடத்துல யாரு வாயத் தொறப்பா? "எழுத்தக் கொஞ்சம் பெருசாப் போடுங்க அம்மிணி, எங்கூட்டுக்காரருக்குக் கண்ணு தெரியாது"ன்னேன். சிரிப்பு. எந்நேரமும் ஒரு சிரிப்பு கைல இருக்கோணும் எனக்கு, கொடை மாதிரி. மழை வந்தா விரிக்கறது.

புள்ளி வந்த அன்னைக்கு அந்தச் சந்தோசம் இருக்கே. கார்த்திகை மாசம். ஒரு மருந்து இருக்குது, வாயில நொழையாத பேரு, நான் டிராகன் மருந்துன்னுதான் சொல்லுவேன். அதைப் பிளேட்டு மேல பீச்சி அடிச்சா, மாட்டுப் பால்ல தண்ணி கலந்தா காட்டிக் குடுக்கற மாதிரி, ஒரு சாதிச் சத்து இருந்தாத்தான் ஆரஞ்சுக் கலர்ல புள்ளி எழும்பும். மருதம்பட்டைல அந்தச் சாதிச் சத்து கெடையாதாம். சும்மா வழக்கத்துக்கு அடிச்சுப் பாக்கறது. அடிச்சுது. எழும்பிருச்சு. புள்ள கத்துன கத்துல நான் கைல இருந்த பீக்கரப் போட்டேன். சாரு ஓடி வந்தாரு, கண்ணாடியக் கழட்டிப் பாத்தாரு, மாட்டிப் பாத்தாரு. "இன்னொருக்கா போடு." போட்டுது. வந்துச்சு. "இன்னொருக்கா." வந்துச்சு. வராம எப்படி, ஒரே டப்பாப் பொடிதானே? ஒரே பானைச் சோத்தப் பத்துத் தடவ பாத்தாலும் பதம் ஒண்ணுதான். அந்தப் புள்ள என்னையக் கட்டிப் புடிச்சுட்டு நின்னுச்சு. மூணு வருசமா எந்தப் பக்கம் போனாலும், இதை அவிய எழுதிட்டாங்க, அதை இவிய பாத்துட்டாங்கன்னு திரும்பி வந்த புள்ள. உதவிப் பணம் பங்குனியோட நிக்குது. தெனம் ஒண்ணரை மணிக்கு அவிங்கம்மா போன் பண்ணி எப்பக் கண்ணு படிப்பு முடியும்னு கேக்கறதும், இந்தா முடிஞ்சுரும்மான்னு இது சொல்றதும், சோத்து டப்பா மூடியவே பாத்துட்டுச் சொல்றதும். அதுக்கு ஒரு புள்ளி கெடைச்சுது. அந்தப் புள்ளி என்ற தோள்வலி. அதுக்கு மேல தூவுனது அரப்பு எலை. அப்புறம் எலிக்குக் குடுத்தாங்க. எலிக்கு நெஞ்சு துடிக்கறது மெதுவாச்சுதாம், பாத்தீங்களா பாத்தீங்களான்னு சாருக்குக் கால் தரையில நிக்கல. எலி பாவம் வாந்தி எடுக்காது, எலிக்கு வாந்தி வராதுன்னு அன்னைக்குத்தான் அந்தப் புள்ள சொல்லித் தெரியும். வந்திருந்தா அதுவாச்சும் சொல்லியிருக்கும், ஏனுங்க சார், தலைக்குத் தேய்க்கறத எதுக்கு வயித்துக்குக் குடுக்கறீங்கன்னு. போன மாசம் மாத்திரை கம்பெனி ஆளு ஒருத்தர் வந்து காப்பி குடிச்சுட்டுப் போனாரு. கை கழுவறப்ப எங்கிட்டயே சொல்றாரு, "உங்க லேபுல இருந்து பெரிய மருந்து வரப் போகுதும்மா." பெரிய மருந்து. நெஞ்சப் புடிச்சுட்டு ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்திருக்கறவன் எவனோ, அவன் பொண்டாட்டி தண்ணிச் சொம்போட நிப்பா, வாயத் தொறங்கன்னு. உள்ளார குளிப்பாட்டறதுக்கு.

முக்கால் வந்துருச்சு. ரெண்டு நாப்பது. ஒண்ணு பண்ணலாம். இந்தப் பிளேட்ட எடுத்துக் கழுவித் தொடச்சுக் குப்பையில போட்டுட்டு, போயி டீ குடிக்கலாம். யாருக்குத் தெரியும்? என்னைய யாரு சோதனை பண்ணச் சொன்னா, பாட்டில் கழுவற கழுதைக்குப் புள்ளி எதுக்கு? சொன்னா என்ன ஆகும்? சாரு வேலைய விட்டு அனுப்புவாரு. அனுப்பட்டும். அதுகூடப் பரவால்ல, பாத்திரம் கழுவ இந்த ஊர்ல எத்தன காலேஜு இல்ல, கல்யாண மண்டபம் இல்ல? அதில்ல. அந்தப் புள்ள என்ற மூஞ்சியப் பாக்குமே. அந்த ஒரு நிமிசம். அதுக்குத்தான் பயம். சொல்லலைன்னா? சொல்லலைன்னா எவனோ ஒருத்தன் என்னைக்கோ இதே புள்ளியப் போடுவான், கைல இடிச்ச பட்டைல, வராது. அப்ப அந்தப் புள்ள பேரு புத்தகத்துல இருக்கும், ஹைதராபாத்துல இருக்கும், பொய்யுன்னு நாலு பேரு சொல்லுவாங்க. நான் அப்பத்திக்கு எங்கயோ வெத்தல போட்டுட்டு உக்காந்திருப்பேன். இல்ல, ஒருவேள அரப்பே இல்லாம இருக்கலாமில்ல? என்ற பயம்தானோ என்னவோ? கசாயம் நொரைச்சது பாத்திரத்துல சோப்பு இருந்திருக்கும். அவரு வாந்தி எடுத்தது ராத்திரி மிச்சக் கொழம்பு. அதுக்குத்தானே மூணு புள்ளி. இன்னைக்கு வெடிய ஏழு மணிக்கே வந்து, அலமாரியில மிச்சம் கெடந்த பட்டைத் துண்ட ஒரு கை இடிச்சேன். நெசமாவே இடிச்சேன், தோளு இப்பவும் சொல்லுது. ஸ்பிரிட்டுல ஊறப் போட்டு, பஞ்சுல வடிகட்டி, அது மொதப் புள்ளி. நடுப் புள்ளி அந்தப் புள்ளையோட டப்பாப் பொடி. கடைசி, எங்கூட்டு அரப்பு, முந்தானையில முடிஞ்சு கொண்டாந்தது. மொதப் புள்ளியிலயும் ஆரஞ்சு வந்துருச்சுன்னா பட்டைக்குள்ளயே அது இருக்குது, நான் தப்பிச்சேன், அந்தப் புள்ள தப்பிச்சுது, எல்லாரும் தப்பிச்சோம். வா. மொதப் புள்ளியில வா. உன்னையக் கும்புடறேன், எந்த சாமி இதுக்குப் பொறுப்போ அந்த சாமி.

வந்துருச்சு, மேல கோடு வந்துருச்சு. மூடியத் தொறந்தேன், மூக்குல அடிச்சுது. இடுக்கியில எடுத்து, ஈரம் காயறதுக்குள்ள பென்சில்ல மேக்கோடு போட்டேன். கோடு கோழி கிண்டுன மாதிரி இருக்குது. கேஸ் உறிஞ்சற அலமாரிக்குள்ள நிறுத்தி, காத்தப் போட்டு விட்டுட்டு நின்னேன். காயட்டும். வெள்ளையா நிக்குது, ஒண்ணுமே நடக்காத மாதிரி, புதுப் பாத்திரம் மாதிரி. டிராகன் பாட்டில எடுத்தேன். ரெண்டு அடிதான். பிளேட்டு மஞ்சளாச்சு. அப்புறம் மெல்ல, யாரோ அந்தப் பக்கத்துல இருந்து வெரல வெச்சு அழுத்துன மாதிரி, கடைசி வரிசைல ஒரு ஆரஞ்சு. பெருசா, கொழுகொழுன்னு, அரப்பு. நடு வரிசைல ஒண்ணு. சின்னது. அதே ஒசரத்துல. பக்கத்துல பக்கத்துல, அக்கா தங்கச்சி ஜன்னல்ல எட்டிப் பாக்கற மாதிரி. மொத வரிசையப் பாத்தேன். குனிஞ்சு பாத்தேன். கண்ணத் தொடச்சுட்டுப் பாத்தேன். மஞ்சள். வெறும் மஞ்சள். கையால இடிச்சதுல ஒண்ணுமே இல்ல. அட, வந்திருக்கக் கூடாதா? ஒரு கடுகளவு வந்திருந்தா என்ன கொறஞ்சு போயிருவே? கோவம் வருது, யாரு மேலன்னு தெரியல. மோட்டார் ரிப்பேர்க்காரன் மேல, அப்பாசாமி குச்சி மேல, பட்டை மேல, என்ற நாக்கு மேல. பின்ன காலாலயான்னு கேட்ட நாக்கு. அதை இடிச்சிருக்கோணும் உரல்ல.

கதவத் தொறந்துட்டு மோகனா புள்ள. "அக்கா, சார் அனுப்பிரலாங்கறார், பேச்சு நல்லா வந்துச்சு, ஒரு டீ..." புள்ள பாதியில நிறுத்திருச்சு. அலமாரிய எட்டிப் பாக்குது. "இது யாரு போட்டது?" நானுங்க அம்மிணின்னேன். சிரிப்புக் கொடை விரியல. "மொதல்ல இருக்கறது இன்னைக்குக் காத்தால நான் இடிச்ச பட்டை. நடுவுல நம்ம டப்பாப் பொடி. கடைசி அரப்பு. டப்பாப் பொடிய நான் இடிக்கல அம்மிணி. அரவை மில்லுல அரைச்சேன். தீவாளிக்கு முந்தி, அரப்பு மிஷின்ல. மிஷினக் கழுவாமப் போட்டேன். உங்ககிட்ட இடிச்சேன்னு காட்டிக்கிட்டேன்." சொல்லிட்டேன். கத்தும்னு பாத்தேன். அடிச்சாக்கூட வாங்கிக்கலாம்னு கன்னம் ரெடியா இருந்துச்சு. அது பிளேட்டையே பாத்துட்டு நிக்குது. மெதுவா, அதுக்கே சொல்லிக்கற மாதிரி, "பச்சையா இருந்துச்சு"ன்னுது. என்னது அம்மிணின்னேன். "மைக்ராஸ்கோப்ல. கார்த்திகையிலயே. பொடிய வெச்சுப் பாக்கறப்ப எலைத் துணுக்கு, பச்சையா, நாலஞ்சு. மரப் பட்டைக்கு எலை ஏதுக்கா? பாத்தேன். தூசியா இருக்கும்னு எனக்கே சொல்லிக்கிட்டு, ஸ்லைடக் கழுவறதுல போட்டுட்டேன்." கழுவறதுல போட்டா யாரு கழுவுனது? நாந்தான். ரெண்டு பேருமா சேந்து ஒரே துணுக்க ஆத்துல விட்டிருக்கறோம், அது ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், ஒருத்தருக்கொருத்தர் தெரியாம. 

அப்புறம் அது என்னையப் பாக்காமச் சொல்லுச்சு, "இதையும் கழுவிருங்கக்கா." கழுவிருங்க. பதினோரு வருசமா ஒரு நாளைக்கு நூறு தடவ இந்த வார்த்தையக் கேட்டிருக்கறேன், ஒரு தடவை கூட ஏன்னு கேட்டதில்ல. கழுவறதுக்குத்தானே சம்பளம். குழாய் அஞ்சடில இருக்குது. பிளேட்டு நெகக் கனம்தான். அரை நிமிச வேல. "பங்குனியோட முடியுதுக்கா எனக்கு. மறுபடியும் பட்டை, மறுபடியும் எலி... எங்கம்மாகிட்ட நான் என்னன்னு..."  என்ற கை பிளேட்டு வரைக்கும் போச்சு. சத்தியமாப் போச்சு. தொட்டேன். தொட்டப்ப வாசல்ல குனிஞ்சு நின்ன மனுசனோட முதுகு ஞாபகம் வந்துச்சு, முதுகெலும்பு ஒவ்வொண்ணாத் தூக்கித் தூக்கிப் போட்டது. "கழுவ மாட்டேனுங்க அம்மிணி"ன்னேன். என்ற குரல்தானான்னு எனக்கே தெரியல. "எங்கூட்டுக்காரருக்கு இந்தப் பொடியத்தான் குடுத்தேன். அவரு வாந்தி எடுத்தப்ப அது அரப்புன்னு கண்டுபுடிக்கறதுக்கு நான் பக்கத்துல நின்னேன். மாத்திரை வாங்கிட்டுப் போறவன் ஊட்டுல யாரு நிப்பா?" இப்பத்தான் அது என்னையப் பாத்துது. நான் பயந்த பார்வை அதேதான், அப்படியே இருந்துச்சு, கொஞ்சமும் கொறையல. "இடிக்க முடியலைன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லக்கா? ஒரே ஒரு வார்த்த! நான் இடிச்சிருப்பேனே!" ஆமா அம்மிணி. ஆமா. 

போன் அடிச்சுது. சாரு. அந்தப் புள்ள எடுக்கல. அடிச்சு நின்னுச்சு. மறுபடியும் அடிச்சுது. மூக்கத் துப்பட்டாவுல தொடச்சுட்டு, தொண்டையக் கனைச்சுட்டு, எடுத்துது. "சார். இல்ல சார், அனுப்பாதீங்க. அனுப்ப வேண்டாம். ...தெரியும் சார், மூணு மணிதான். நீங்க ஒரு நிமிசம் லேபுக்கு வாங்க சார், ஒரு பிளேட்டு பாக்கோணும். ...நான் போடல சார். சம்பூர்ணக்கா போட்டாங்க." அந்தப் பக்கம் சாரு என்ன கேட்டாரோ, "சரியாத்தான் போட்டிருக்காங்க சார்"னு சொல்லிட்டு வெச்சிருச்சு. அப்புறம் ஒரு பென்சில எடுத்து மூணு வரிசைக்குக் கீழயும் சின்ன எழுத்துல என்னமோ எழுதி, தேதி போட்டுது.   மாடிப்படியில சாரு எறங்கற சத்தம் கேக்குது, ரெண்டு ரெண்டு படியா, இன்னும் சேதி தெரியாம, சந்தோசமா. நான் மூலையில இருந்து ஒரு ஸ்டூல இழுத்து, முந்தானையால தொடச்சு, அலமாரிக்கு முன்னாடி போட்டேன். நின்னுட்டே கேக்கற சேதியில்ல இது.